அரசுக் கட்டுமான ஒப்பந்தத்தில் தாமதமும் மாற்ற ஆணையும்: காலத்தையும் பணத்தையும் கைவிடாமல் கையாள்வது எப்படி

தனியார் கட்டடம் என்றால் உரிமையாளரும் ஒப்பந்ததாரரும் சைட்டில் நின்று பேசியே ஒரு மாற்றத்தை முடித்துக்கொள்ளலாம். அரசு வேலையில் கோப்பில் ஏறாத எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பணம் பொதுப் பணம். ஒப்புதல் தரும் அதிகாரி நாளை தணிக்கைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கோரிக்கை முழுக்க நியாயமாக இருந்தும் கெடு தவறியதால், வாய்மொழியாகச் சொன்னவருக்கு அதிகாரம் இல்லாததால், இத்தனை நாள் போயிற்று என்று காட்ட முடியாததால் பணம் கைவிட்டுப்போவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடக்கிறது. இந்த மூன்று ஓட்டைகளையும் அடைப்பதுதான் கீழே உள்ள முறையின் நோக்கம். ஒப்பந்ததாரர் மேசையிலிருந்து எழுதியிருந்தாலும், துறைப் பொறியாளருக்கும் இதே படிகள்தான். மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அவ்வளவே.

கையெழுத்தான வாரத்தில்

ஒப்பந்தத்தை எடுத்து மாற்றம், தாமதம், எதிர்பாராத நிலத்தடி நிலை, வேலை நிறுத்தம், அறிவிப்பு, தகராறு ஆகிய பிரிவுகளை மட்டும் தனியாகப் பிரித்து ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம்: எத்தனை நாளுக்குள் எழுத வேண்டும், எந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், யாருக்கு, எந்த வழியில். இந்தப் பக்கம் சைட் ஆபீஸ் சுவரில் தொங்க வேண்டும்.

போன வேலையின் நினைவில் இந்த வேலையின் கெடுவை எண்ணக் கூடாது. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கெடு மாறும். உலகெங்கும் பெரிய அரசு வேலைகளில் புழங்கும் ஃபிடிக் சிவப்புப் புத்தகத்தில் (பன்னாட்டு ஆலோசகப் பொறியாளர் கூட்டமைப்பின் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தம்) முதல் அறிவிப்புக்கு 28 நாள். 1999 பதிப்பில் விரிவான கோரிக்கைக்கு 42 நாள். 2017 பதிப்பில் அது 84 நாள் ஆனது. அமெரிக்க மத்திய அரசின் கட்டுமான ஒப்பந்தங்களில் தாமதத்தை அது தொடங்கிய 10 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எழுத்து மூலம் வந்த மாற்ற ஆணைக்கு 30 நாளுக்குள் உரிமை கோர வேண்டும். உத்தரவு என்று பெயரிடாமல் வந்த மாற்றமாக இருந்தால், அறிவிப்புக் கொடுத்த தேதிக்கு 20 நாளுக்கு முன் ஆன செலவு பொதுவாகக் கிடைக்காது. எண்ணத் தொடங்கும் நாளும் வம்பு பிடித்தது. ஃபிடிக்கில் அது உங்களுக்குத் தெரிந்த நாள் மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டிய நாளும்கூட. ஃபோர்மன் பார்த்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது அதிகாரம். சைட்டில் தினமும் வந்து நிற்கும் உதவிப் பொறியாளர் தரத்தைப் பார்க்கலாம், அளவு எடுக்கலாம். துறையின் பணத்தைச் செலவழிக்கும் உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தத்தை நிர்வகிக்கத் துறை நியமித்த ஒப்பந்தப் பொறியாளர்கூட ஒரு தொகைக்கு மேல் துறையின் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று சிறப்பு நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். யார், எந்த வரம்பு வரை, என்ன உத்தரவு போடலாம் என்ற பட்டியலை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒழுங்கான துறைக்கு இந்தக் கேள்வி பிடிக்கவே செய்யும்.

மூன்றாவது, அடிப்படை வேலை அட்டவணை. ஃபிடிக்கில் வேலை தொடங்கும் அறிவிப்பு வந்த 28 நாளுக்குள் இது போக வேண்டும். பலரும் இதைப் பில் வாங்கத் தேவைப்படும் ஒரு காகிதமாக நினைத்து அலட்சியமாகப் போடுகிறார்கள். பின்னால் தாமதத்தை அளக்கும் அளவுகோல் இதுதான் என்பதால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். துறை செய்ய வேண்டியவையும் தனித்தனிச் செயல்களாக அட்டவணையில் இருக்க வேண்டும்: இடம் ஒப்படைப்பு, டிராயிங் வெளியீடு, மாதிரிக்கு ஒப்புதல், மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் மாற்றித் தருவது. அட்டவணையில் இல்லாத வேலை தாமதமானால் அது எங்கும் தெரியாது. ஒவ்வொரு செயலும் இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டாத அளவு இருக்கட்டும்; 'அடித்தளம் – 120 நாள்' என்று ஒரே கோடு போட்டால் அதற்குள் 15 நாள் நின்றதை எப்படிக் காட்டுவது? பிடிஎஃப் மட்டும் அனுப்பாமல் மென்பொருள் கோப்பையும் சேர்த்து அனுப்பிப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

தினப் பதிவு

தகராறு வரும்போது இரண்டு ஆண்டு கழித்து எழுதும் நூறு பக்க விளக்கத்தைவிட, அன்று மாலை எழுதிய அரைப் பக்கத்துக்கு எடை அதிகம். தினக் குறிப்பில் வானிலை (மழை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு விட்டது), தொழில் வாரியாக ஆட்கள், ஓடிய இயந்திரம், சும்மா நின்ற இயந்திரம், வேலை நடந்த இடம் செயினேஜ் (தொடக்கப் புள்ளியிலிருந்து உள்ள தூரம்) அல்லது கிரிட் எண்ணோடு (டிராயிங்கில் உள்ள கட்டக் குறியீடு), அன்று வந்த டிராயிங், வாய்மொழி உத்தரவு, வேலை நின்ற நேரமும் காரணமும் இருக்க வேண்டும். 'மழையால் வேலை பாதிப்பு' என்பது குறிப்பு அல்ல. '11.20-க்கு மழை, பி3 குழியில் 40 செ.மீ. தண்ணீர், கம்பி கட்டும் 9 பேர் பி5-க்கு மாற்றம், எக்ஸ்கவேட்டர் 1 மாலை வரை நின்றது' – இதுதான் குறிப்பு.

கடைசி வரியில் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றியதும் பதிவாகியிருப்பதைக் கவனியுங்கள். இழப்பைக் குறைக்க முயன்றீர்களா என்பதுதான் மறுபக்கத்தின் முதல் கேள்வியாக வரும். அதற்கான பதில் தினக் குறிப்பில் தானாகவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

குறிப்பில் துறை ஆள் கையெழுத்துப் போட மறுத்தால் சண்டை வேண்டாம். அன்றைய நகலை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். படம் எடுக்கும்போது இடம், தேதி எழுதிய பலகையும் அளவு டேப்பும் சட்டகத்துக்குள் வரட்டும். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று.

மாற்றம் என்ற பெயரில் வராத மாற்றங்கள்

'மாற்ற ஆணை எண் 4' என்று தலைப்பிட்டு வருவதை யாரும் தவறவிடுவதில்லை. நஷ்டம் தருபவை மாறுவேடத்தில் வருகின்றன. ஒப்புதலுக்கு அனுப்பிய டிராயிங் திரும்பி வரும்போது ஓரத்தில் சிவப்பு மையில் 'கம்பி இடைவெளி 150 என மாற்றுக' என்று எழுதியிருக்கும். ஒப்பந்த டிராயிங்கில் 200 ஆக இருந்திருக்கும். நீங்கள் கேட்ட சந்தேகத்துக்கு வந்த பதிலில் ஒரு புது வேலை நுழைந்திருக்கும். ஸ்பெசிஃபிகேஷனில் இல்லாத சோதனை ஒன்றைச் செய்தால்தான் அடுத்த கட்டத்துக்கு விடுவேன் என்பார் மேற்பார்வையாளர். பகலில் செய்யத் திட்டமிட்ட வேலையைப் போக்குவரத்துக் காரணம் சொல்லி இரவுக்குத் தள்ளுவார்கள். இவை எல்லாமே மாற்றங்கள்தான். திருத்திய டிராயிங் வந்ததும் பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் சைட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை ஆபீஸில் ஒரு கட்டாய விதியாகவே வைக்கலாம்.

வாய்மொழி உத்தரவு வந்தால் அன்றே எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஃபிடிக் 1999-இல் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: சொன்ன இரண்டு வேலை நாளுக்குள் ஒப்பந்ததாரர் எழுதி உறுதிப்படுத்தி, அது கைக்கு வந்த இரண்டு வேலை நாளுக்குள் பொறியாளர் மறுக்கவோ வேறு உத்தரவு தரவோ இல்லை என்றால், அந்தக் கடிதமே எழுத்து மூலமான உத்தரவாகிவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இல்லை என்றால், எழுத்தில் உத்தரவு வரும்வரை அந்தக் கூடுதல் வேலையைத் தொடக் கூடாது. உயிருக்கோ கட்டமைப்புக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் விதிவிலக்கு. 'முதலில் முடியுங்கள், பேப்பர் பின்னால் வரும்' என்பவர் இடமாற்றலாகிப் போய்விட்டால் பேப்பரும் அவரோடு போய்விடும்.

நிலத்தடியில் எதிர்பாராத பொருள் தென்பட்டால் முதல் வேலை கையை எடுப்பது. பாறையோ, பழைய குழாயோ, சேற்று மண்ணோ, அதைக் கலைத்துவிட்டால் சாட்சி போய்விட்டது. வேலையை நிறுத்தி, வேலி கட்டி, பொறியாளரை எழுத்தில் அழைத்து, இரு தரப்பும் சேர்ந்து அளவும் மட்டமும் எடுத்த பிறகே அடுத்த வெட்டு.

முதல் அறிவிப்பு: சின்னதாக, சீக்கிரமாக

முதல் அறிவிப்பில் தொகையோ நாளோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியட்டும் என்று காத்திருந்துதான் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஒப்பந்தக் கெடு 28 நாள் என்றால் ஆபீஸ் கெடு 3 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவு போதும்:

'பொருள்: தாமதம், கூடுதல் செலவு குறித்த அறிவிப்பு, பிரிவு 20.1 – நிகழ்வு எண் 07. கிழக்கு அணைவுச் சுவர் குழியில் 12-ஆம் தேதி காலை 10.15 மணிக்கு, தரைமட்டத்திலிருந்து 2.1 மீட்டர் ஆழத்தில், டிராயிங்கில் காட்டப்படாத 300 மி.மீ. இரும்புக் குழாய் தென்பட்டது. செயல் எண் 214 (அகழ்வு) அந்த நேரத்திலிருந்து நின்றுள்ளது. 215 (அடித்தளக் காங்கிரீட்) தொடங்க முடியவில்லை. எக்ஸ்கவேட்டர் ஒன்றும் 6 ஆட்களும் மேற்குச் சுவருக்கு மாற்றப்பட்டுள்ளனர். குழாயை அகற்றவோ சுற்றிக் கட்டவோ தங்கள் உத்தரவு 15-ஆம் தேதிக்குள் தேவை. கால நீட்டிப்புக்கும் கூடுதல் செலவுக்கும் உள்ள உரிமையின் கீழ் இது அறிவிப்பு. விரிவான விவரம் பின்னர் அனுப்பப்படும். இணைப்பு: படங்கள் 6, 12-ஆம் தேதித் தினக் குறிப்பு.'

குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். எந்தப் பிரிவு என்று எண்ணைப் போடுவதும், 'இது அறிவிப்பு' என்று வெளிப்படையாகச் சொல்வதும் அவசியம். கூட்டக் குறிப்பில் இருக்கிறதே, மாத அறிக்கையில் சொன்னோமே என்பது பல ஒப்பந்தங்களில் செல்லாது. ஒரு நிகழ்வுக்கு ஓர் எண். இரண்டு நிகழ்வை ஒரே கடிதத்தில் கட்டிப்போடாதீர்கள்.

இந்த எண்களை எல்லாம் ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள்: நிகழ்ந்த நாள், அறிவிப்புக் கெடு, அனுப்பிய நாள், விரிவான கோரிக்கைக் கெடு, கேட்ட நாட்கள், கேட்ட தொகை, துறையின் பதில், இப்போது யார் கையில். பாதிப்பு தொடர்ந்தால் மாதாமாதம் இடைக்கால விவரம் போக வேண்டும். ஃபிடிக்கில் இதுவும் கடமைதான்.

நாள் கணக்கு

தாமதம் மூன்று வகை. டிராயிங் தராதது, இடம் தராதது போன்று துறையால் வருவதற்குக் காலமும் உண்டு, பணமும் உண்டு. மிகக் கடுமையான வானிலை போன்று யார் கையிலும் இல்லாததற்குப் பெரும்பாலும் காலம் மட்டும். உங்கள் துணை ஒப்பந்ததாரர் வராதது, பொருள் ஆர்டர் தாமதம் போன்றவற்றுக்கு இரண்டும் இல்லை, அபராதம்தான் உண்டு. வானிலையில் ஒரு பிடி இருக்கிறது. மழைக் காலத்தில் மழை பெய்ததெல்லாம் கணக்கில் வராது. அருகிலுள்ள வானிலை நிலையத்தின் பல ஆண்டுப் பதிவோடு ஒப்பிட்டு, வழக்கத்தைவிட எத்தனை நாள் கூடுதல் என்று காட்ட வேண்டும். மழை விட்ட பிறகு மண் காய எடுத்த நாட்களையும் தனியாகக் குறியுங்கள். மண் வேலையில் அதுதான் பெரிய பகுதி.

நின்ற நாட்கள் எல்லாம் நீட்டிப்பு நாட்கள் ஆகிவிடாது. வேலை முடியும் தேதியை அது தள்ளியதா என்பதே கேள்வி. மேலே சொன்ன குழாயையே எடுத்துக்கொள்வோம். உத்தரவு வந்து குழாய் மாற்றப்பட 15 நாள் ஆயிற்று. ஆனால் நிகழ்வுக்கு முந்தைய மாத அட்டவணைப்படி அந்த அகழ்வுக்கு 4 நாள் ஃப்ளோட் (முடிவுத் தேதியைப் பாதிக்காமல் தள்ளிப்போகக்கூடிய உபரி நாள்) இருந்தது. முடிவுத் தேதி தள்ளியது 15 − 4 = 11 நாள். 15 கேட்டால் துறை 11-ஐயும் சந்தேகப்படும்.

இன்னொரு சிக்கலைச் சேர்ப்போம். அதே நாட்களில் தளத்துக்கான கம்பி, ஒப்பந்ததாரரின் ஆர்டர் தவறால், 12 நாள் தாமதமாக வந்தது. அந்தப் பாதையில் 7 நாள் ஃப்ளோட். குழாயே இல்லாவிட்டாலும் வேலை 5 நாள் தாமதமாகியிருக்கும். இரண்டும் ஒரே காலத்தில் விழுந்திருக்கின்றன. பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2017-இல் வெளியிட்ட தாமத வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு சொல்லும் அணுகுமுறைப்படி கால நீட்டிப்பு 11 நாளும் கிடைக்கும். துறையால் தனியாகக் கூடிய 6 நாளுக்கு (11 − 5) மட்டுமே நீடிப்புச் செலவு, அதாவது சைட்டைக் கூடுதல் நாள் நடத்தும் செலவு. எல்லா ஒப்பந்தமும் இதை ஏற்காது. ஃபிடிக் 2017 இந்தக் கேள்வியைச் சிறப்பு நிபந்தனைக்கு விட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடுங்கள். எப்படியிருந்தாலும் கம்பித் தாமதத்தை மறைப்பது பயனற்றது. அது துறையின் பதிவேட்டிலும் இருக்கும், அதைக் கண்டுபிடித்த அன்றே மற்ற கணக்கின் நம்பகமும் போய்விடும்.

கணக்கிடும் முறைகள் பல. வேலை நடந்துகொண்டிருக்கும்போது எளிதாகவும் வலுவாகவும் இருப்பது இது: நிகழ்வுக்கு முந்தைய நாள் வரை அட்டவணையைப் புதுப்பித்து முடிவுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்வை இரண்டு மூன்று செயல்களாக ('குழாய் – உத்தரவுக்குக் காத்திருப்பு', 'குழாய் மாற்றம்') நுழைத்து, உரிய செயல்களோடு இணைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு தேதிக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் எண். இதற்கு மாதாமாதம் புதுப்பித்த அட்டவணை தேவை. அதைச் செய்யாதவர்கள் கடைசியில் அடிப்படை அட்டவணையிலேயே எல்லா நிகழ்வையும் திணிக்கிறார்கள். வேலை உண்மையில் எப்படி நடந்தது என்பதே அதில் இருக்காது, முதல் கேள்வியிலேயே அது சாய்ந்துவிடும்.

வேலை நிற்கவில்லை, மெதுவானது என்றால் அது வேறு கணக்கு. தடையில்லாத பகுதியில் அதே குழு நாளுக்கு 30 மீட்டர் குழாய் பதித்தது. துறை வாகனங்களைத் திருப்பிவிட்ட 630 மீட்டர் பகுதியில் நாளுக்கு 21 மீட்டர்தான் ஆயிற்று. ஆகவேண்டியது 21 நாள், ஆனது 30. இழப்பு 9 குழு-நாள். இதற்கு ஒரே குழு, ஒரே வகை மண், ஒரே ஆழம் என்று காட்ட வேண்டும். தினக் குறிப்பில் செயினேஜ் இல்லாதவர்களால் இந்தக் கணக்கையே போட முடியாது.

விலை போடுவது

வரிசை பெரும்பாலும் இதுதான்: அளவுப் பட்டியலில் (ஒப்பந்தத்தில் வேலைகளின் அளவும் ரேட்டும் உள்ள பட்டியல்) அதே வேலை இருந்தால் அந்த ரேட், ஒத்த வேலை இருந்தால் அதிலிருந்து கணக்கிட்ட ரேட், ஒன்றும் இல்லையென்றால் உண்மைச் செலவிலிருந்து புது ரேட், அதுவும் முடியாவிட்டால் நாள்கணக்கு. நாள்கணக்கு என்றால் ஒவ்வொரு நாளும் ஆள், இயந்திரம், பொருள் எழுதி அன்றோ மறுநாளோ கையெழுத்து வாங்கியாக வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் வெட்டுத்தான்.

அளவு பெரிதாக மாறினால் பட்டியல் ரேட்டும் மாறலாம் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. ஃபிடிக் 1999-இன் 12.3 பிரிவுப்படி, அளவு 10 சதவீதத்துக்கு மேல் மாறி, அந்த மாற்றத்தின் மதிப்பு ஒப்பந்தத் தொகையில் 0.01 சதவீதத்தைத் தாண்டி, அலகுச் செலவு 1 சதவீதத்துக்கு மேல் மாறி, அது நிலையான ரேட் என்று குறிக்கப்படாத ஐட்டமாகவும் இருந்தால் புது ரேட் கேட்கலாம். ஏன் மாற வேண்டும் என்பதைக் கணக்கில் காட்டுங்கள். 200 பைல் (அடித்தளத்துக்காக நிலத்தில் ஆழமாக இறக்கும் தூண்), ஒரு பைல் ரேட் 1,000. அதில் 200 என்பது ரிக்கை (துளையிடும் இயந்திரம்) கொண்டுவந்து நிறுத்தித் திருப்பி அனுப்பும் நிலைச் செலவின் பங்கு; மொத்தம் 40,000. வடிவமைப்பு மாறி பைல் 120 ஆகக் குறைந்தால் ரிக் செலவு குறையாது. 40,000-ஐ 120-ஆல் வகுத்தால் 333. புது ரேட் 800 + 333 = 1,133. டெண்டர் போட்ட காலத்து ரேட் அனாலிசிஸ் (ரேட் எப்படி வந்தது என்ற கணக்கு) கையில் இருந்தால் இது ஒரு பக்க வேலை. இல்லையென்றால் வெறும் வாதம். டெண்டர் கணக்குத் தாளை வேலை முடியும்வரை பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

புது ரேட்டில் விட்டுப்போகிறவை: பொருள் சேதாரம், சோதனைக் கட்டணம், மேற்பார்வை, கியூரிங், டிராயிங் திருத்தம், ஒப்பந்தத் தொகை கூடுவதால் கூடும் உத்தரவாதப் பத்திரம், காப்பீட்டுச் செலவு. கூடுதலாகப் போட்டு மாட்டிக்கொள்கிறவை: சில்லறை விலைப்பட்டியல், சொந்த இயந்திரம் சும்மா நின்றதற்கு முழு வாடகையும் டீசலும். நின்ற சொந்த இயந்திரத்துக்குத் தேய்மானமும் வைத்திருக்கும் செலவும்தான் நியாயம். எரிபொருள் எரியவே இல்லையே. தணிக்கை முதலில் கைவைப்பது இங்கேதான். புதுப் பொருளுக்கு மூன்று விலைப்புள்ளியை நீங்களே வாங்கி இணைத்துவிடுங்கள், துறை கேட்கப்போவது உறுதி.

நீடிப்புச் செலவில் இரண்டு தவறு அடிக்கடி வருகிறது. முதலாவது, வேலை முடியும் தறுவாயில் இருந்த சைட் செலவை வைத்துக் கணக்கிடுவது. தாமதம் நடந்த அந்த நாட்களில் சைட்டில் என்ன இருந்ததோ (ஆபீஸ், வாடகை, காவல், பொறியாளர்கள், டவர் கிரேன்) அதைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, தலைமை ஆபீஸ் செலவை ஒரு சூத்திரத்தில் போட்டு முடித்துவிடுவது. ஹட்சன், எம்டன், ஐக்லி என்று சூத்திரங்கள் உண்டு. ஹட்சன் டெண்டரில் போட்ட சதவீதத்தைப் பிடிக்கிறது, எம்டன் கணக்குப் புத்தகத்திலுள்ள உண்மைச் சதவீதத்தை. எதைப் போட்டாலும் அந்தக் காலத்தில் வேறு வேலை எடுக்க முடியாமல் போனதற்கு ஆதாரம் கேட்பார்கள்.

வேலையைக் குறைத்தால் அந்த மதிப்பு கழியும், நியாயமே. ஆனால் உங்களிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுப்பதற்காகக் குறைப்பது ஃபிடிக் ஒப்பந்தத்தில் அனுமதியில்லை. அப்படித் தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

மாற்ற ஆணைப் படிவத்தின் கீழே சின்ன எழுத்தில் 'இந்தத் தொகை இம்மாற்றத்தால் விளையும் எல்லா நேரடி, மறைமுக, கால பாதிப்புகளுக்கும் முழுத் தீர்வு' என்று இருக்கும். நேரடிச் செலவுக்கு மட்டும் விலை போட்டு இதில் கையெழுத்திட்டால் நாட்களும் நீடிப்புச் செலவும் அங்கேயே முடிந்தன. இரண்டு வழி உண்டு. கால பாதிப்பையும் கணக்கிட்டு அதே ஆணையில் சேர்ப்பது நல்லது. அது இன்னும் தெரியவில்லை என்றால், 'கால நீட்டிப்பு, நீடிப்புச் செலவு குறித்த உரிமை, நிகழ்வு எண் 07-இன் கீழ், தனியாக வைத்துக்கொள்ளப்படுகிறது' என்று கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். மறுத்தால், உத்தரவை ஒருதலையாகப் போடச் சொல்லிக் கேட்டு வேலையைத் தொடரலாம். தொகையில் உடன்பாடு இல்லை என்பதற்காக வேலையை நிறுத்துவது பெரும்பாலான அரசு ஒப்பந்தங்களில் ஒப்பந்த மீறல். அந்த ஆயுதத்தை எடுக்கும் முன் வக்கீலைக் கேளுங்கள்.

நாள் கூட்டாமல் பணம் மட்டும் கூட்டும் ஆணைகள் ஒன்றிரண்டு வந்தால் தெரியாது. இருபது சேர்ந்தால் முடிவுத் தேதி அதே இடத்தில் நிற்க, வேலை மட்டும் கால்பங்கு வளர்ந்திருக்கும்.

துறையின் மேசையில்

கால நீட்டிப்பை ஒப்பந்ததாரருக்குச் செய்யும் சலுகையாகப் பார்க்கும் பழக்கம் துறைக்கே ஆபத்து. தன்னால் தாமதத்தை உண்டாக்கிவிட்டு அதற்கு நாள் தராத உரிமையாளர், பழைய தேதியை வைத்து அபராதம் பிடிக்க முடியாது என்பது ஆங்கில மரபுச் சட்ட நாடுகளில் நிலைபெற்ற கொள்கை. நீட்டிப்பு தர ஒப்பந்தத்தில் வழியே இல்லையென்றால் முடிவுத் தேதியே செயலிழந்து, நியாயமான காலத்தில் முடித்தால் போதும் என்றாகிவிடும். உரிய நாட்களைத் தந்தால்தான் மீதி நாட்களுக்கு அபராதம் பிடிக்கும் உரிமை நிற்கும்.

ஒப்புதலுக்கு முன் துறைக் கோப்பில் இருக்க வேண்டியவை: மாற்றம் ஏன் தேவை, முதலிலேயே ஏன் தெரியவில்லை, ஒப்பந்த எல்லைக்குள் வருகிறதா, துறையே சுயமாகப் போட்ட மதிப்பீடு, விலைபேசியதன் குறிப்பு, நிதி இருப்புச் சான்று. எல்லைக் கேள்வி முக்கியம். மாற்றம் என்ற பெயரில் புது வேலையையே கொடுத்தால் அது டெண்டரைத் தாண்டிப்போவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை இதற்கு எண்ணே வைத்திருக்கிறது: எதிர்பாராத சூழலால் வரும் ஒவ்வொரு மாற்றமும் முதல் ஒப்பந்த மதிப்பில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; வேறு காரணம் காட்டத் தேவையில்லாத சிறு மாற்றங்கள், கட்டுமானத்தில், கூட்டாக 15 சதவீதத்துக்கும் நிர்ணயித்த மதிப்பு வரம்புக்கும் கீழே இருக்க வேண்டும். தன் அதிகார வரம்புக்குள் அடங்க ஒரே மாற்றத்தை மூன்றாகத் துண்டு போடுவது எந்த நாட்டுத் தணிக்கையும் முதலில் தேடும் விஷயம்.

பதிலைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான், அதுவும் செலவு மிக்க முடிவு. நீட்டிப்பை மறுத்துவிட்டுப் பழைய தேதியில் முடி என்று நெருக்கினால், ஒப்பந்ததாரர் இரவு ஷிஃப்டும் கூடுதல் ஆளும் போட்டுவிட்டு, நீட்டிப்பு உரியது என்று பின்னால் தீர்ப்பானால் அந்த வேகப்படுத்தல் செலவையும் கேட்பார். ஒப்பந்ததாரர் பக்கத்தில் இதற்கு ஒரு முன்நிபந்தனை: வேகப்படுத்தும் முன்பே 'உரிய நீட்டிப்பு மறுக்கப்பட்டதால் இதைச் செய்கிறோம்' என்று எழுதியிருக்க வேண்டும்.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்துக்கும் கெடு உண்டு. அதிருப்தியை இத்தனை நாளுக்குள் தெரிவிக்காவிட்டால் பொறியாளரின் தீர்மானம் இறுதியாகிவிடும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. ஃபிடிக் 2017-இல் அது 28 நாள். அதிருப்தியை ஒரு பக்கத்தில் பதிவு செய்துவிட்டு, பிறகு நிதானமாகப் பேசலாம். பேசப்போகும்போது எல்லா நிகழ்வையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'மொத்தம் 140 நாள், மொத்தம் இவ்வளவு' என்று வைக்காதீர்கள். அந்த மூட்டையில் ஒரு நிகழ்வு உங்கள் தவறு என்று நிரூபணமானாலே முழுக் கோரிக்கையும் ஆட்டம் காணும். நிகழ்வு வாரியாகக் காரணம், பாதித்த செயல், நாள், தொகை என்று தனித்தனியாக இருந்தால், இரண்டு போனாலும் மூன்று நிற்கும்.

கடைசிப் பொறி வேலை முடிந்த பிறகு இருக்கிறது. ஃபிடிக் 1999-இல் ஒப்படைப்புச் சான்று கைக்கு வந்த 84 நாளுக்குள் வேலை முடிவுக் கணக்கு போக வேண்டும். அதிலும் பிறகு வரும் இறுதிக் கணக்கிலும் வெளிப்படையாகக் குறிப்பிடாத தொகைக்குப் பொதுவாகத் துறை பொறுப்பில்லை. பதிவேட்டைத் திறந்து, தீராமல் கிடக்கும் ஒவ்வொரு நிகழ்வு எண்ணையும் தொகையோடு, தொகை முடிவாகாதவற்றை மதிப்பீட்டோடு, அந்தக் கணக்கில் வரிவரியாக ஏற்றிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.